வொண்டர்லா போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. அடுத்த சனிக்கிழமை பெங்களூர் அல்சூரிலிருந்து பிடதியில் இருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்புகிறோம். நாங்கள் இருவர், ஆறாவது படிக்கும் மகள், நாலு வயசுப் பையன், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார்.

போன வருஷம் வேறொரு பார்க்கில் பட்டது போதும். சாவகாசமாகப் பதினோரு மணிக்குப் போய், எடுத்தவுடன் தண்ணீரில் இறங்கப் பார்த்தால், பருத்தி பனியனோடு விடமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள், அங்கேயே கடையில் நைலான் உடை வாங்கி, ஈரத்தோடேயே மற்றதற்கெல்லாம் வரிசையில் நின்று, மதியம் வயிறு முட்டத் தின்ற எலுமிச்சை சாதத்தை மகள் சுழல் ராட்டினத்தில் என் மடியிலேயே... சரி, விடுங்கள். பையன் உயரம் அளக்கும் கோட்டுக்கு நாலு விரற்கடை குறைவு. அழுத அழுகை பார்க்கிங் வரை கேட்டிருக்கும்.

இந்தமுறை திறக்கும்போதே உள்ளே போய், காலையில் பெரிய ரைடுகள், வெயில் ஏறியதும் தண்ணீர் என்று யோசனை. சரிவருமா? சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, வரிசையில் அதிகம் நிற்காமல் போகிற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் போட்ட காசுக்குத் தகுமா, இல்லை லீவு போட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை போவதே மேலா? செல்லகட்டா வரை மெட்ரோவில் போய் பஸ் பிடித்தவர்கள் உண்டா? அப்புறம், முழங்கால் வலிக்காரரான மாமியார் நிழலில் உட்கார நல்ல இடம் எந்தப் பக்கம்?