‘கருந்துளை’ வேண்டாம்: இரவுத் தரையணுகலில் நேரும் கண்மயக்குக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இரவில் சிறுவிமானம் ஓட்டுவோர் தரையிறங்க வரும்போது ஏமாறும் கண்மயக்கு ஒன்றை ஆங்கிலத்தில் ‘பிளாக் ஹோல் அப்ரோச்’ என்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து ‘கருந்துளை அணுகல்’ என்று சொல்வதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ‘பிளாக் ஹோல்’ என்று விமானிகள் சுட்டுவது ஓடுதளத்துக்கு முன்னால் விளக்கே இல்லாமல் கிடக்கும் கடலையோ காட்டையோதான். தமிழில் கருந்துளை என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் ஒளியை விழுங்கும் விண்பொருளே நினைவுக்கு வரும்.

பகலில் மரம், வீடு, சாலை ஆகியவற்றின் பருமனை வைத்தே நம் கண் உயரத்தைக் கணிக்கிறது. நிலவற்ற இரவில் அவையெல்லாம் மறைந்து, ஓடுதள விளக்குகள் மட்டும் இருளில் மிதக்கும்போது, விமானி தாம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நம்பி மேலும் தாழ்கிறார். ஓடுதளத்தின் அருகு முனைக்கும் தொலை முனைக்கும் இடையே கண்ணில் தெரியும் கோணம் மாறாதபடி அவர் இறங்கிக்கொண்டே வந்தால், பாதை நேர்கோடாக அமையாமல் கீழ்நோக்கித் தொய்ந்த வில்லாகி, ஓடுதளத்தை எட்டுமுன்பே நீரையோ நிலத்தையோ தொட்டுவிடக்கூடும். 1960களில் போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் பாவனைப் பொறியில் (சிமுலேட்டரில்) நடத்திய சோதனைகளில், உயரமானியின்றிக் கண்ணை மட்டும் நம்பி இறங்கிய தேர்ந்த விமானிகளே இப்படித் தாழ்ந்து போனார்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரவில் நின்று, நங்கூரமிட்ட கப்பல்களில் எது அருகில், எது தொலைவில் என்று விளக்குகளை மட்டும் பார்த்துச் சொல்ல முயன்ற சிங்கப்பூரருக்கு இந்தத் தடுமாற்றம் புரியும்.

ஆகவே பிழை உயரத்தைப் பற்றியது. இருள் அதற்குக் காரணம் மட்டுமே. காரணத்தைப் பெயராக்கினால், பயிலும் விமானிக்குத் தாம் எதில் ஏமாறுகிறோம் என்பது தெரியாமல் போகும். ‘இருட்கானல்’ என்று நானே முதலில் எண்ணிப் பார்த்தேன். செவிக்கு இனிமைதான், ஆனால் வெப்பமில்லாமல் கானல் ஏது? ‘மயக்கம்’ என்று முடித்தாலோ விமானி நினைவிழந்ததாகவே வாசகர் கொள்வார். பொருளல்லாததைப் பொருளென்று உணர்வதை 351ஆம் குறள் ‘மருள்’ என்கிறது. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. ஆயினும் மருள் என்றதும் சாமியாட்டம் நினைவுக்கு வரக்கூடும் என்பதால், ‘உயர மருட்சி’ என்ற வடிவத்தை முன்மொழிகிறேன். சூழலையும் சுட்ட வேண்டிய இடத்தில் ‘இருள்வெளி உயர மருட்சி’ எனலாம். தரையிறங்க நெருங்கி வருவதாகிய ‘அப்ரோச்’சுக்கு ‘இறங்குமுகம்’ எனக்குப் பிடித்த சொல்தான். பங்குச்சந்தைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டதால் ‘தரையணுகல்’ இருக்கட்டும்.

பயிற்சிக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்: “சரிவுகாட்டி விளக்குகள் நான்கில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் பாதை சரி, நான்கும் சிவப்பானால், கண் என்ன சொன்னாலும், உயர மருட்சி எனக் கொண்டு இறங்குவதை நிறுத்துக.” சொல் இடறவில்லை. ‘உயரம் மருண்டு தாழ இறங்கினார்’ என்று வினையாகவும் அது வளைந்து கொடுக்கிறது. ‘கருந்துளை அணுகல்’ அப்படி வளையாது.