கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுப் பணி, ஐந்து ஆண்டு இடைவெளி: ரெஸ்யூமை எப்படித் திருத்துவது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் வசிக்கிறேன். பி.காம். முடித்தபின் 2012 ஜூன் முதல் 2020 மார்ச் வரை ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்திலேயே மாமியாரும் படுத்த படுக்கையானதால் வேலையை விட வேண்டியதாயிற்று. இப்போது பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குச் செல்வதால் மீண்டும் வேலைக்குப் போக முடிவு செய்து, மூன்று மாதங்களாகத் திருப்பூர், அவிநாசி, கோவை ஆகிய ஊர்களில் நாற்பது இடங்களுக்கு மேல் ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்திலிருந்துதான் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அங்கும் மேலாளர் என் ரெஸ்யூமை இரண்டு முறை புரட்டிவிட்டு, "உங்களுக்கு டேலி கணக்கு மென்பொருள் தெரியும் என்று போட்டிருக்கிறது. எட்டு வருடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

ரெஸ்யூம் இரண்டரைப் பக்கம் வருகிறது. மேலே "சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் உழைப்பேன்" என்ற குறிக்கோள். அடுத்து பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மதிப்பெண் அட்டவணை. அதன்பின் "கணக்காளர்: டேலி, ஜிஎஸ்டி, வங்கி வேலைகள் மற்றும் மேலாளர் சொல்லும் பிற பணிகள்" என்று இரண்டு வரி. கடைசியில் தந்தை பெயர், மதம், திருமண நிலை, உறுதிமொழி, கையொப்பம். ஐந்து ஆண்டு இடைவெளியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதினால் பார்த்தவுடனே ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

வணக்கம் சகோதரி. நானும் இதே தொழிலில், கணக்குப் பிரிவுக்கு ஆள் தேர்வு செய்யும் இடத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த மேலாளர் பதிலுக்குக் காத்திராதது தவறு. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கணக்காளர் தேவை என்று விளம்பரம் கொடுத்தால் வந்து சேரும் ரெஸ்யூம்களில் பெரும்பாலானவற்றில் "டேலி, ஜிஎஸ்டி தெரியும்" என்ற வரி இருக்கும். எல்லாரிடமும் இருக்கிற வரியை வைத்துக்கொண்டு உங்களை எப்படிப் பிரித்தெடுப்பது? முதல் சுற்றில் ஒரு ரெஸ்யூமுக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் கண் தேடுவது, இவர் எப்படிப்பட்ட நிறுவனத்தில், எவ்வளவு வேலையை, எதுவரை தன் பொறுப்பில் முடித்திருக்கிறார் என்பதைத்தான்.

ஆகவே கணினியைத் தொடுவதற்கு முன், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பழைய வேலையை மாத வாரியாக நினைவுபடுத்தி எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை கொள்முதல் பில்களைப் பதிந்தீர்கள்? நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று, நம் சரக்கைப் பெற்று வேலை செய்து திருப்பித் தரும் எத்தனை ஜாப் ஒர்க் யூனிட்களின் கணக்கு உங்கள் கையில் இருந்தது? சாயப்பட்டறை பில்லில் உள்ள எடையையும் சரக்கோடு வரும் டெலிவரி சலானில் உள்ள எடையையும் ஒப்பிட்டுப் பார்த்தது யார்? எத்தனை வங்கிக் கணக்குகளுக்கு ரீகன்சிலியேஷன் (நம் பதிவையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடுவது) போட்டீர்கள்? ஏதாவது ஒரு தவறை நீங்களாகக் கண்டுபிடித்து நிறுத்தியது உண்டா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க யோசித்தாலும் தகும்.

இன்னொன்று, 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நீங்கள் பணியில் இருந்திருக்கிறீர்கள். பழைய வாட் வரிக் கணக்கை முடித்து, அதில் மீதமிருந்த வரி வரவை டிரான்-1 படிவத்தின் மூலம் புதிய முறைக்குக் கொண்டுவந்து, எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீடுகளோடு பில் வடிவத்தை மாற்றிய அந்தச் சில மாதங்களை நேரில் பார்த்தவர், அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்களிடையே கிடையாது. அதேபோல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணியும் நூலும் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்பதும், அந்தப் போக்குவரத்தை ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும் என்பதும் உங்களுக்கு அன்றாட வேலையாக இருந்திருக்கும். வேறு தொழிலிலிருந்து வரும் கணக்காளர்கள் பலர் அந்தப் படிவத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பூர் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் ரெஸ்யூமில் ஐடிசி-04 என்ற சொல் முதல் அரைப் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும்.

குறிக்கோளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் அனுபவத்தை மூன்று வரியில் சொல்லுங்கள். மதிப்பெண் அட்டவணை வேண்டாம். பட்டம், கல்லூரி, ஆண்டு ஆகிய மூன்றும் ஒரே வரியில் போதும். தந்தை பெயர், மதம், திருமண நிலை, உறுதிமொழி ஆகியவற்றைத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமிலிருந்து தயங்காமல் நீக்குங்கள். அரசுப் பணிக்கும் வங்கிப் பணிக்கும் அவர்களே படிவம் வைத்திருப்பார்கள்; அது வேறு விஷயம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் எந்த ரெஸ்யூமிலும் இடம்பெறக் கூடாது.

மறுபடியும் பணியில் எழுதியது:

தோழி, நானும் ஆறு ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவள் என்பதால் இடைவெளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில் நானும் அதை மறைக்கத்தான் பார்த்தேன். மாதங்களை எடுத்துவிட்டு ஆண்டுகளை மட்டும் போட்டால் இடைவெளி சிறியதாகத் தெரியும் என்று நினைத்தேன். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருந்தது. மறைத்ததாலேயே எனக்குக் குரல் நடுங்கியது. கணக்குப் பார்ப்பவர்களிடம் ஆண்டுக் கணக்கை மறைக்க முடியாது. பிறகு, பணி அனுபவத்தின் வரிசையிலேயே "2015–2021: குடும்பப் பொறுப்புக்காகப் பணி இடைவெளி, தற்போது முழுநேரப் பணிக்குத் தயார்" என்று ஒரே வரியில் எழுதினேன். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாமியாரின் உடல்நிலையை நீங்கள் ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. அதற்காக வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம்.

படிப்பவரின் உண்மையான சந்தேகம், இத்தனை ஆண்டுகளில் மாறியது இவருக்குத் தெரியுமா என்பதுதான். நீங்கள் 2020 மார்ச்சில் வெளியே வந்தபோது விற்பவர்கள் காட்டிய பில்களிலிருந்து நமக்குரிய வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கையே இல்லை. அது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. இப்போது மாதந்தோறும் 14-ஆம் தேதி வெளியாகும் அந்த அறிக்கையோடு கொள்முதல் பதிவேட்டை ஒப்பிட்டுத்தான், கொள்முதலில் கட்டிய வரிக்கான உள்ளீட்டு வரி வரவை எடுக்கிறார்கள். பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. நீங்கள் பழகிய டேலி இஆர்பி 9 போய் டேலி பிரைம் வந்துவிட்டது. அதைக் கல்விப் பயன்முறையில் பணம் கட்டாமலே திறந்து பழகலாம். ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி போன்ற சில தேதிகளில் மட்டுமே அதில் பதிவிட முடியும் என்றாலும் கை பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். ஒரு மாதம் உட்கார்ந்து இந்த மூன்றையும் பழகிவிட்டு, "டேலி பிரைம், 2பி ஒப்பீடு, இ-இன்வாய்ஸ்: சுயபயிற்சி, 2025" என்று இடைவெளி வரிக்கு அடுத்தே போடுங்கள். படிப்பவரின் சந்தேகத்துக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும்.

அச்சகத் தெரு எழுதியது:

பெருந்துறையில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தினமும் யாராவது ஒருவர் இணையத்தில் இறக்கிய அழகான வார்ப்புருவோடு வருவார். இடப் பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் புகைப்படம், டேலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலைவாய்ப்புத் தளங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படித்துப் பிரிக்கிறது. பக்கத்தை நெடுக்காகப் பிரித்த இரண்டு பத்தியாகவும் பெட்டிகளாகவும் இருந்தால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயரும் கைபேசி எண்ணும் முதலில் வந்து, மற்றவை நீங்கள் எழுதிய வரிசையிலேயே வந்தால் அந்தக் கோப்பு சரி. போன வாரம் ஒரு தம்பியின் கோப்பை இப்படி ஒட்டியபோது கைபேசி எண்ணே வரவில்லை; அது படமாகப் பதிந்திருந்தது. எத்தனை இடங்களுக்கு அப்படியே அனுப்பினாரோ என்று நினைக்கும்போது மனம் கஷ்டப்பட்டது.

கோப்பின் பெயர் "ரெஸ்யூம் ஃபைனல் 2 நியூ" என்று இருக்க வேண்டாம்; உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். எட்டு ஆண்டு அனுபவத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம் போதும்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டில் எழுத உட்கார்ந்தபோது இரண்டு நாளில் ஆறு பக்கம் வந்துவிட்டது. பணி அனுபவப் பகுதியின் முதல் மூன்று வரிகளை இப்படி அமைத்திருக்கிறேன். (ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.)

"மாதம் ஏறத்தாழ 180 கொள்முதல் மற்றும் ஜாப் ஒர்க் பில்களைச் சலானோடு சரிபார்த்து டேலியில் பதிந்தேன், 22 ஜாப் ஒர்க் யூனிட்களின் கணக்கைப் பராமரித்தேன்."

"ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி, ஐடிசி-04 தாக்கல் செய்தேன்."

"ஒரே சாயப்பட்டறை பில், நகலுக்கு ஒரு முறையும் அசலுக்கு ஒரு முறையுமாக இருமுறை பதிவானதைக் கண்டறிந்து, பணம் போவதற்கு முன் நிறுத்தினேன், அதன்பின் பில் எண்ணோடு சலான் எண்ணையும் சேர்த்துப் பதியும் முறை நடைமுறைக்கு வந்தது."

ஓர் ஐயம். இந்த ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்யும் பொத்தானை அழுத்தியது ஆடிட்டர் அலுவலகம். விவரங்களை எல்லாம் எடுத்து, ஒப்பிட்டு, எக்செல்லில் தயாரித்து அனுப்பியது நான். "தாக்கல் செய்தேன்" என்று எழுதலாமா? மூன்றாவது வரி மிகச் சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது, வைக்கலாமா?

பேரேடு எழுதியது:

மூன்றாவது வரியை முதல் வரியாக்குங்கள். உங்கள் மேசையில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்ப்பதுபோல் இருப்பது அந்த ஒரு வரிதான். இருமுறை பதிவான பில்லுக்குப் பணம் போய்விட்டு, அதைத் திரும்ப வாங்க அலைந்த அனுபவம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. அதைப் படிக்கிற எந்த மேலாளரும் உங்களை அழைத்துப் பேச நினைப்பார்.

"தாக்கல் செய்தேன்" என்று எழுதாதீர்கள். "ஜிஎஸ்டிஆர்-1, 3பி, ஐடிசி-04 ஆகியவற்றுக்கான விவரங்களைத் தயாரித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, தாக்கலுக்காக ஆடிட்டருக்கு அளித்தேன்" என்று எழுதுங்கள். நிறைய நிறுவனங்களில் வேலை இப்படித்தான் நடக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும். செய்ததைச் செய்த அளவுக்கு எழுதியவரிடம் அடுத்த கேள்வியை நம்பிக் கேட்கலாம். கூட்டி எழுதியவர், ஜிஎஸ்டி போர்ட்டலில் எந்தப் பக்கத்தில் எதை நிரப்புவீர்கள் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவார். பழைய நிறுவனத்தின் விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர், விலை ஆகியவற்றை எங்கும் குறிப்பிட வேண்டாம். பில்களின் எண்ணிக்கை போதுமானது.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முழு ரெஸ்யூமையும் மாற்றத் தேவையில்லை. மேலே உள்ள மூன்று வரியையும் வரிசையையும் மட்டும் மாற்றினால் போதும். ஏற்றுமதி நிறுவனமென்றால் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம்), டிராபேக் (திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) ஆகியவற்றில் உங்களுக்கிருந்த பங்கை மேலே கொண்டுவாருங்கள். கோவையில் பம்ப், வார்ப்படத் தொழிலென்றால் பில் சரிபார்ப்பும் வங்கி ஒப்பீடும் மேலே வரட்டும். விளம்பரத்தில் "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" என்று இருந்தால் நீங்களும் அந்தச் சொல்லையே எழுதுங்கள். நீங்கள் "சப்ளையர் கணக்கு" என்று எழுதியிருந்தால், தேடுகிற மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியாமல் போகலாம்.

அந்த ஆறு பக்க நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேர்காணலுக்கு முதல் நாள் இரவு அதைத்தான் படிக்க வேண்டும். ஐடிசி-04 என்று எழுதிவிட்டீர்கள். திரும்பி வராத துணிக்கு என்ன செய்தீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள்.