டோல்கேட் சிக்னலில் அணைந்துபோகும் வண்டி

குழு: நம்ம வீடு, தண்டையார்பேட்டை

வெள்ளிக்கிழமை, இரவு 8.40

நான்: பெரியப்பா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். என்னுடைய 2014 மாடல் 100 சிசி வண்டி பத்து நாட்களாகச் சிக்னலில் நின்றதும் அணைந்துவிடுகிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் ஐம்பதில் போகும்போது இழுவையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால்தான் திணறுகிறது. இன்று மாலை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தபோது, டோல்கேட் சிக்னலில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரிந்த பிறகும் நான் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன், பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை.

அத்தை: அந்தச் சாலையில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சரியாகும் வரை அண்ணியைப் பேருந்தில் அனுப்பு.

அண்ணன்: ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை, அதாவது ஐட்லிங்கை, வைக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வை, நிற்காது. பிளக்கையும் மாற்றிவிடு.

நான்: இரண்டும் ஆகிவிட்டன அண்ணா. போன வாரம் ஒரு மெக்கானிக் கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஐட்லிங்கை ஏற்றி, புது பிளக்கும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஓடியது, பிறகு பழையபடிதான்.

பெரியப்பா: தம்பி, ஸ்க்ரூவை ஏற்றுவது காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவதைப் போன்றது, குளிர் அடங்கும், காய்ச்சல் இருக்கும். எனக்குச் சில விவரங்கள் வேண்டும், சுருக்காமல் முழுமையாக எழுது. வண்டி அணைவது குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் சத்தம் உடனே இறங்குகிறதா, அல்லது சற்று நேரம் மேலேயே நின்றுவிட்டுத் திடீரென்று விழுகிறதா? காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைக் காலையில் எவ்வளவு நேரம் போடுகிறாய்?

நான்: இரண்டு நிலையிலும் அணைகிறது, காலையில்தான் அதிகம். சோக்கை எடுத்தாலே நின்றுவிடுவதால் தெருமுனை வரை சோக்கோடுதான் போகிறேன். நீங்கள் கேட்ட பிறகுதான் கவனத்துக்கு வருகிறது: ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டாலும் எஞ்சின் சில நொடிகள் உயர்ந்த சத்தத்திலேயே இருந்துவிட்டுத்தான் சரிகிறது. இறக்கத்தில் சைலன்சரில் 'பட் பட்' என்ற ஒலியும் கேட்கிறது.

மச்சான்: என் வண்டியில் இப்படி ஏதாவது வந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். உன்னுடையதில் எரியவில்லையா?

பெரியப்பா: மாப்பிள்ளை, உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த வண்டி. அதில் பெட்ரோலை இன்ஜெக்டர் அளந்து தெளிக்கிறது, கோளாறு வந்தால் கணினியே விளக்கைப் போட்டுச் சொல்லிவிடும். இவன் வண்டி கார்புரேட்டர் வண்டி. அதற்கு விளக்கு நம் காதுதான். 1956இல் புல்லட் உற்பத்தி தொடங்கிய திருவொற்றியூரில்தான் நான் தொழில் பழகினேன். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் விடும் மூச்சைக் கேட்டே நோயைச் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். தம்பி, நீ சொல்லும் அறிகுறிகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன: எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. நாளை காலையில் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைத் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் படம் அனுப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், அருகில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக் கூடாது.

சனிக்கிழமை, காலை 7.15

நான்: (படம்) பெரியப்பா, டம்ளரின் அடியைப் பாருங்கள். பெட்ரோலுக்குக் கீழே மூன்று நீர்முத்துகள் தனியாக நிற்கின்றன. டம்ளரைச் சாய்த்தால் பாதரசம்போல் உருண்டு ஓடுகின்றன, பெட்ரோலோடு கலக்கவே இல்லை.

அண்ணன்: அப்படியானால் கண்டுபிடித்தாயிற்று. மழையில் வெளியே நிறுத்திய வண்டி அல்லவா.

பெரியப்பா: இது ஒரு குறைதான், ஆனால் இதுதான் காரணம் என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால்தான் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். முத்தாக உருளும் அளவுக்கு மிதவைத் தொட்டியில் இருக்கிறது என்றால் டேங்க்கின் அடியிலும் இருக்கும். டேங்க்கை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்று, மூடியின் ரப்பர் வளையத்தையும் பார். பிறகு ஒரு நாள் ஓட்டிவிட்டுச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30

நான்: நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்று முழுவதும் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரவு மணலியிலிருந்து திரும்பும்போது மறுபடியும் இரண்டு முறை அணைந்துவிட்டது. நேற்று மூடியின் ரப்பரையும் மாற்றிவிட்டேன். மனம் வெறுத்துப்போய்விட்டது பெரியப்பா.

பெரியப்பா: வெறுக்காதே, பாதி வழி வந்துவிட்டோம். கார்புரேட்டருக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வண்டி ஓடும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாகத் தாராளமாக வரும். ஐட்லிங்கில், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு என்ற அடைப்பு கிட்டத்தட்ட மூடிக்கொள்வதால், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்லோ ஜெட் துளை வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக வரும். அந்தச் சொட்டுக்கு அளந்த காற்றோடு, வெளியிலிருந்து வேறு எங்கேனும் திருட்டுத்தனமாகக் காற்று நுழைந்தால், ஐட்லிங்கில் அது பெரிய பங்காகி எஞ்சினை அணைத்துவிடும். ஐம்பதில் போகும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் உனக்கு ஓட்டத்தில் குறை தெரியவில்லை. இப்போது வண்டியைச் சூடாக்கிவிட்டுச் சோக்கைப் பாதி போட்டுப் பார்.

நான்: சூடான பிறகும் பாதிச் சோக்கில் நிதானமாக நிற்கிறது. எடுத்தால் தள்ளாடுகிறது. பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன், முனை வெளிர்பழுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது.

பெரியப்பா: கடையில் சுத்தம் செய்தபோது ஸ்லோ ஜெட்டும் சுத்தமாகியிருந்தால் மிஞ்சுவது காற்றுதான். பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயைச் சுற்றி மெல்லத் தெளி. பிளக் மூடியில் படாமல் பார்த்துக்கொள். சிலர் பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பார்கள், சூடான எஞ்சினில் அதை எந்த நாளும் செய்யாதே.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20

நான்: கிடைத்துவிட்டது பெரியப்பா! மேல்பக்கம் தெளித்தபோது மாற்றமே இல்லை, அடிப்பக்கம் தெளித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. கழற்றி எடுத்துப் பார்த்தேன் (படம்). நேராக வைத்துப் பார்த்தால் நல்ல ரப்பராகத்தான் தெரிகிறது, இரு கட்டைவிரலாலும் வளைத்தால் அடியில் உள்ளங்கை ரேகை போன்ற வெடிப்பு வாய் திறக்கிறது, அதன் வழியே வெளிச்சம்கூடத் தெரிகிறது.

அத்தை: இந்தச் சின்ன வெடிப்பா இத்தனை நாள் பாடாய்ப்படுத்தியது!

பெரியப்பா: பத்து வருட எஞ்சின் சூட்டில் ரப்பர் அப்படித்தான் விறைத்துப்போகும். டியூப் பசையும் டேப்பும் போட்டு ஒட்டாதே, பெட்ரோல் ஆவியில் கரைந்துவிடும். நாளை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் புதிதாகவே வாங்கு, இணைப்பில் காற்றை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் சேர்த்துக் கேள். பழையதைக் கையில் கொண்டு போனால் அளவு தவறாது.

திங்கட்கிழமை, இரவு 9.05

நான்: புது ரப்பர் போட்டாயிற்று. ஸ்டார்ட் செய்ததும் வண்டி கத்தியது, ஒரு கணம் பயந்துவிட்டேன்.

பெரியப்பா: கடையில் ஏற்றி வைத்த ஐட்லிங் அப்படியே இருக்கிறதல்லவா, அதனால்தான். திருட்டுக் காற்று நின்றதும் அந்த ஏற்றம் வெளியே தெரிகிறது. நன்றாகச் சூடான பிறகு ஸ்க்ரூவைக் கால் சுற்றாக இறக்கிக்கொண்டே வா. இந்த மாதிரி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

நான்: இறக்கிவிட்டு டோல்கேட் வரை போய் வந்தேன். முழுச் சிவப்பு விளக்குக்கும் கையை எடுத்துவிட்டு நின்றேன், ஒரே சீராக ஓடியது. தலைப்பகுதியில் மட்டும் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்கிறது.

பெரியப்பா: அது டேப்பட் இடைவெளியாக, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியாக இருக்கும். சூடான எஞ்சினில் அளக்கக் கூடாது, இரவு முழுவதும் ஆறட்டும். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வா, அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது. ரப்பரின் கிளிப்பையும் அப்போது இன்னொரு முறை இறுக்கிவிடலாம்.