முட்டை மட்டையா, தும்பு மெத்தையா, கண்ணாடிப் பஞ்சா? மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பத்தடி அறை

கல்லடி_வாவி:
அம்மப்பா கூத்து அண்ணாவியார், பாட்டும் ஆட்டமும் பழக்குகிறவர். வயது 79. வடமோடி என்ற கூத்து வகையின் பாட்டுகள் நிறைய அவர் வாயில் மட்டும்தான் இருக்கின்றன, கொப்பியில் இல்லை. அவற்றைப் பதிவு செய்ய வீட்டின் பின்னறையை ஒதுக்கியிருக்கிறேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை, மேலே கொங்கிரீட் பிளேட். கைதட்டினால் "ட்ரிங்" என்று ஒரு கம்பிச் சத்தம் திரும்பி வருகிறது. பேக்கரியில் முட்டை மட்டை வாங்கி இரண்டு சுவர் முழுக்க ஒட்டினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கையில் இருப்பது ஒரு மைக், ஒரு லேப்டொப், பன்னிரண்டாயிரம் ரூபாய். என்ன செய்யலாம்?

சவுண்ட்_கல்முனை:
முதலில் அந்த மட்டைகளைக் கழற்றுங்கள், கரப்பான் வந்து குடியேற முன்னம். ஒலி அடங்க வேண்டுமென்றால் காற்று நாருக்குள் நுழைந்து உரசிச் சக்தியை இழக்க வேண்டும். முட்டை மட்டை மெல்லிய கடதாசி, அதற்குள் நுழைய இடமே இல்லை. வெள்ளை ரிஜிபோமும் (தெர்மோகோல்) அப்படித்தான், அதன் குமிழ்கள் எல்லாம் மூடியவை. ஓரங்குலக் கறுப்பு ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் செய்யாது. "ஸ்" சத்தத்தைத் தின்றுவிட்டு "ஓம்" சத்தத்தை அப்படியே விட்டுவிடும். கிழவரின் குரல் போர்வைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும்.

நான்கு அங்குலக் கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு, மரச் சட்டம், துணி உறை. சுவரில் இருந்து நான்கு அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

காரைதீவு_தும்பு:
அண்ணன், பன்னிரண்டாயிரம் என்று தம்பி சொன்னதை வாசித்தீர்களா? தென்னை நாட்டில் இருந்துகொண்டு ஏன் கண்ணாடியைத் தேடுகிறீர்கள்? பழைய தும்பு மெத்தை இல்லாத வீடு உண்டா? உள்ளே முழுக்கத் தேங்காய் நார்தான். வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று கொஞ்சம் தடைபட்டு மறுபக்கம் போனால் அது ஒலியையும் உறிஞ்சும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம். பேசினால் எதிரொலி ஐந்தரை விநாடி நின்றதாம், ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. சபின் என்ற இளம் விரிவுரையாளர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகக் காவிக்கொண்டு போய்ப் போட்டு, ஓர்கன் குழாயை ஊதி, ஒவ்வொரு தடவையும் நேரம் எடுத்தார். எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிட இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கும் சூத்திரம் அந்த மெத்தைகளில் இருந்து வந்ததுதான். அவர் கண்ணாடிப் பஞ்சைத் தேடிப் போகவில்லை.

சவுண்ட்_கல்முனை:
சபின் கதை எனக்கும் தெரியும். அவருக்கு இருந்தது பெரிய மண்டபம், தம்பிக்கு இருப்பது கோழிக்கூடு. இரண்டிலும் பிரச்சினை வேறு. மறுகா, தும்பு நார் தடிப்பம். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று நான்கு பங்கு வரை இருக்கும். கண்ணாடி நார் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. நார் மெல்லியதாக இருந்தால் அதே கனத்துக்குள் உரசல் கூட. அதனால் அதே நான்கு அங்குலத்தில் தும்பு கீழ்ச் சுருதியில் தோற்கும்.

காரைதீவு_தும்பு:
தோற்கட்டும், எட்டு அங்குலம் போடுவோம். இரண்டு மெத்தையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் முடிந்தது. கண்ணாடிப் பஞ்சை எட்டு அங்குலத்துக்கு வாங்கிப் பாருங்கள், விலை கேட்டதும் அம்மப்பா பாட்டை மறந்துவிடுவார்.

இன்னொன்று. எங்கள் ஊர் ஈரத்துக்கு இலவம்பஞ்சு கட்டிபடும். தும்பு அப்படியில்லை. தேங்காய் மட்டையைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் நாரே எடுக்கிறோம். ஈரம் அதற்குப் புதிதல்ல.

சவுண்ட்_கல்முனை:
தண்ணீருக்குப் பயப்படாது, சரி. நெருப்புக்கு? தும்பு எரியும், கண்ணாடிப் பஞ்சு எரியாது. கறுப்பு ஃபோம் இன்னும் மோசம். 2003 இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இசைக் கூடம். மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு நூறு பேர் செத்தார்கள். சுவர் முழுக்க எதையாவது ஒட்டுகிறவர்கள் ஒருமுறை அதை நினைக்க வேண்டும்.

மருதமுனை_தறி:
சண்டை பிடியுங்கள், பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே உறையைப் பற்றிப் பேசவில்லை. றெக்சீன் போட்டால் எல்லாம் வீண், காற்று உள்ளே போகாது. கைத்தறித் துணி நெசவு கொஞ்சம் விட்டுத்தான் இருக்கும், ஊதினால் மூச்சு போகும். எங்கள் ஊரில் சாரம் நெய்து மிஞ்சுகிற துண்டுத் துணி மலிவாக எடுக்கலாம். கண்ணாடிப் பஞ்சு வாங்கினால் ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியே வரும், கூரைக்கு அடிக்கிறது அதைத்தான். அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்க வையுங்கள். வெளியே வைத்தால் குரலின் மேல் சுருதி தாளில் பட்டுத் திரும்பிவிடும். கையுறை, முகமூடி கட்டாயம். நான் ஒருதரம் வெறுங்கையால் வெட்டி மூன்று நாள் சொறிந்தேன்.

கல்லடி_வாவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மட்டைகளைக் கழற்றிவிட்டேன் (பசை சுவரிலேயே இருக்கிறது, அம்மா இன்னும் பார்க்கவில்லை). வீட்டில் ஒன்றும் மாமி வீட்டில் ஒன்றுமாக நான்கு அங்குலத் தும்பு மெத்தை இரண்டு கிடைத்தது. மூலையில் நிமிர்த்தி வைத்து அம்மப்பாவை அதற்கு முன்னால் இருத்தினேன். மைக் அவரைப் பார்க்கிறது, மெத்தை அவருக்குப் பின்னால். கம்பிச் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு இறங்கும்போது மட்டும் குடத்துக்குள் பாடுவது போல வீங்குகிறது. மற்றச் சுருதிகளில் இல்லை.

சவுண்ட்_கல்முனை:
மெத்தையைப் பாடுகிறவருக்குப் பின்னால் வைத்தது சரி. பலர் மைக்குக்குப் பின்னால் வைப்பார்கள். மைக் கேட்பது தன் முகத்துக்கு நேரே, அதனால் பாடுகிறவரின் முதுகுப் பக்கச் சுவர்தான் முக்கியம்.

வீக்கத்துக்கு வருவோம். நம் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். பத்தடி என்றால் மூன்று மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும். இரண்டு சுவருக்கு நடுவே கிட்டத்தட்ட 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை (சுவர்களுக்கு நடுவே நின்று ஒரே சுருதியை வீங்கச் செய்யும் அலை), அதன் இரட்டிப்பு 114, அடுத்தது 171. ஆண் குரல் 114 இல் தாராளமாக இறங்கும். உங்கள் அறையில் மூன்று பக்கமும் பத்தடி, அதனால் மூன்று திசையும் ஒரே சுருதியில் சேர்ந்து ஊதுகின்றன. அறைகளில் இதைவிடக் கெட்ட வடிவம் இல்லை. ஒரு அலையை நன்றாக உறிஞ்ச அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்குத் தடிப்பம் வேண்டும், 114 ஹெர்ட்ஸ் அலைக்கு அதுவே இரண்டரை அடி. அவ்வளவு தடிப்பமாக மெத்தை அடுக்கினால் அம்மப்பா இருக்க இடமிராது.

மைக் அறையின் நடுவிலா? 114 இன் அழுத்தம் உச்சமாக இருக்கிற இடங்களில் நடுவும் ஒன்று. இரு சுவர்களில் இருந்தும் இரண்டரை அடியில் வையுங்கள்.

கல்லடி_வாவி:
நடுவில்தான் இருந்தது. ஒரு மூலைப்பக்கமாக நகர்த்தி, இரண்டு சுவருக்கும் இரண்டே முக்கால் அடி இருக்கிற மாதிரி வைத்தேன். வீக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது!

காரைதீவு_தும்பு:
பார்த்தீர்களா? இரண்டு பழைய மெத்தை, செலவு பூச்சியம்.

சவுண்ட்_கல்முனை:
நகர்த்தியதால் போனது, மெத்தையால் அல்ல. உங்கள் மெத்தை 114 ஹெர்ட்ஸை எட்டியும் பார்க்காது.

காரைதீவு_தும்பு:
கம்பிச் சத்தத்தைக் கொன்றது யார், உங்கள் கணக்கா?

தம்பிலுவில்_வயல்:
இவ்வளவு நேரம் வாசித்தேன். ஒருவருக்கும் ஒன்று தோன்றவில்லையா? கூத்து எங்கே ஆடினார்கள்? வெட்ட வெளியில், வட்டக்களரி என்ற வட்ட மேடையில். நான்கு பக்கமும் சனம், மேலே வானம், விடியும் வரை. அந்தப் பாட்டு சுவருக்காகக் கட்டின பாட்டா? சுவர் இல்லாத இடத்தில் எதிரொலியும் இல்லை, நிலையலையும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் ஒரு பாயை விரித்து அவரை இருத்துங்கள். நிலம் மட்டும்தான் ஒலியைத் திருப்பும், அதையும் வைக்கோல் பார்த்துக்கொள்ளும். ஒரு சதம் செலவில்லை.

மருதமுனை_தறி:
காற்று? காகம்? வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் சடங்கு, ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி. எங்கள் பக்கம் ஐந்து நேரமும் பள்ளிவாசலில் பாங்கு. வயலில் உழவு மெசின். பின்னணிச் சத்தம் ஒரு தடவை பாட்டுக்குள் கலந்தால் பிரிக்க ஏலாது.

தம்பிலுவில்_வயல்:
அறைக்குள் மட்டும் பாங்கு கேட்காதா? மெத்தை அறைக்குள் இருக்கும் எதிரொலியை அடக்கும், வெளியே இருந்து வருகிற சத்தத்தை மறிக்காது. மறிக்கக் கனம் வேண்டும், இடைவெளி இல்லாத அடைப்பு வேண்டும். கதவு, யன்னல் இடுக்குகளால் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எவ்வளவு தடித்த சுவர் கட்டினாலும் இருபது டெசிபலுக்கு மேல் குறையாது. எல்லாவற்றையும் அடைத்தால் ஃபேன் போட வேண்டும், அது ஒரு இரைச்சல். 79 வயதில் அவரை அந்த வெக்கைக்குள் பூட்டப் போகிறீர்களா?

சவுண்ட்_கல்முனை:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். உறிஞ்சுவதும் மறிப்பதும் வேறு, இங்கே பலர் குழப்புகிறார்கள். ஆனால் வெளியில் காற்று மைக்கில் அடித்தால் பதிவு முழுக்கப் "புஃப் புஃப்". பஞ்சு உறை, அதன் மேல் இன்னொரு துணி உறை, காற்று எழும்ப முன்னம் விடியற்காலை, இதெல்லாம் இல்லாமல் போகாதீர்கள். மத்தளத்தையும் கூடவே அடிப்பதென்றால் மைக்கில் இருந்து தள்ளி வையுங்கள்.

காரைதீவு_தும்பு:
அப்போ கண்ணாடிப் பஞ்சு வேண்டாம் என்று சொல்கிறீர்கள்.

சவுண்ட்_கல்முனை:
வயலுக்கு வேண்டாம். அறைக்கு வேண்டும்.

கல்லடி_வாவி:
அம்மப்பாவிடம் வயல் கதையைச் சொன்னேன். உடனே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். மெத்தைக்கு முன்னால் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி இருந்ததாம், சொல்லாமல் இருந்திருக்கிறார். பிற்பாட்டுக்கு ஆள் இல்லாமல் தனியாகப் பாடமாட்டேன் என்றும் இப்போதுதான் சொல்கிறார். பழைய கூட்டத்தில் இரண்டு பேர் வருவார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு மாமாவின் வயலில் வைத்துப் பார்க்கிறோம். காற்று இருந்தால் மெத்தைக்கே திரும்புவேன். தறி நானா, மைக் உறைக்கு விட்ட நெசவில் ஒரு முழத் துணி வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன் பஸ்ஸில் கொடுத்துவிட முடியுமா?

மருதமுனை_தறி:
நாளைக்கே போடுறேன். இரண்டு முழம் வரும்.