தண்ணி ரொக்கெற் மேல போய்க் குத்துக்கரணம் அடிக்குது, ஆராவது வழி சொல்லுங்கோ

கரவெட்டியான்:
வணக்கம் எல்லாருக்கும். மனுசியின்ர தமையன் கனடாவில இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கிறார். அவர் அங்க ஹை பவர் மொடல் ரொக்கெற் விடுற ஆள், ஆளைவிட உயரமான ரொக்கெற்றுகள் கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்கு ஏறுற வீடியோ எல்லாம் போனில பெடியளுக்குக் காட்டிப்போட்டார், அதோட எங்கட வீட்டு நிம்மதி போச்சு. அந்த எரிஞ்சு தள்ளுற மோட்டர் ஒண்டும் பிளேனில கொண்டு வர ஏலாது, இஞ்ச கடையளிலயும் இல்லை, எண்டபடியா சோடாப் போத்தலில தண்ணி ரொக்கெற் செய்து, புட்டு சம்பல் குடை பாய் அம்மம்மா எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு குடும்பமா வல்லை வெளிக்குப் போனம்.

செய்த விதம்: 1.5 லீற்றர் சோடாப் போத்தல். இன்னொரு போத்தலின்ர மேல்பக்கத்தை வெட்டி மூக்கா வைச்சு ரேப் சுத்தினது. பைல் கவர் பிளாஸ்ரிக்கில 4 செட்டை, அதுகளைப் போத்தலின்ர நடுவில ஒட்டினது ஏனெண்டா வாய்ப்பக்கம் வளைவா இருக்கிறதால ஒட்டுப்படுதில்லை. வாயில ரப்பர் தக்கை, அதுக்குள்ளால சைக்கிள் ரியூப் வால்வ், பிறகு கால் பம்.

பிரச்சினை ரெண்டு. பம் அடிக்க அடிக்க தக்கைப் பக்கத்தால கசியுது, 25 பீஎஸ்ஐ (பம் மீற்றரில காத்து அமுக்கம் காட்டுற அளவு) வர முதலே தானாக் கழண்டு போயிடுது, ஆர் நிக்கினம் ஆர் இருக்கினம் எண்டு பாக்கிறேல்லை. ரெண்டாவது, போனாலும் ஒரு 10 மீற்றர் ஏறிப்போட்டு அப்பிடியே திரும்பிக் குத்துக்கரணம் அடிச்சுக்கொண்டு வருது. அம்மம்மாவின்ர குடைக்கு மேல தண்ணி முழுக்கக் கொட்டினது தனிக்கதை. மச்சான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாரே தவிர, தண்ணி ரொக்கெற் தனக்குத் தெரியாதாம். வாற ஞாயிறும் போகோணும், பெடியள் விடமாட்டாங்கள். என்ன செய்யிறது?

பௌதிக வாத்தி:
தண்ணி எவ்வளவு விட்டனீங்கள்? செட்டை பிடிச்சு ஆட்டினா வளையுதோ? மூக்குக்குள்ள ஏதும் பாரம் இருக்கோ?

கரவெட்டியான்:
தண்ணி முக்கால் போத்தல் சேர், கனக்க விட்டாக் கனக்க உந்துமாம் எண்டு மூத்தவன்ர கணக்கு. செட்டை ஓம் வளையுது. மூக்கு வெறுமை.

பௌதிக வாத்தி:
அப்ப விளங்குது. மூத்தவனிட்டச் சொல்லுங்கோ, தள்ளுறது தண்ணி இல்லை, உள்ளுக்க இறுகின காத்து. தண்ணி வெளியில எறியிற பாரம் மட்டும்தான். முக்கால் போத்தல் தண்ணி எண்டா காத்துக்கு இடம் கால் போத்தல், அந்தக் கொஞ்சக் காத்து விரிய விரிய அமுக்கம் கெதியா விழுந்துபோகும், கடைசித் தண்ணி வெளியேறேக்க தள்ள ஒண்டும் மிச்சமிராது, அதுவரைக்கும் ரொக்கெற் அந்தப் பாரத்தையும் சுமந்துகொண்டெல்லோ போகுது. மூண்டில ஒரு பங்கு தண்ணி போதும். 1.5 லீற்றருக்கு அரை லீற்றர்.

கணக்கு ஒண்டு சொல்லுறன், ஏ/எல் பெடியளுக்குச் செய்து காட்டுறது. போத்தல் வாயின்ர உள்விட்டம் கிட்டத்தட்ட 22 மில்லிமீற்றர். 60 பீஎஸ்ஐயில கழட்டிவிட்டா தண்ணி செக்கனுக்கு 28 மீற்றர் அளவில பாயத் தொடங்கும், உந்துவிசை முதல் கணத்தில 300 நியூட்டன், அதாவது 30 கிலோவுக்குக் கிட்ட! ஆனா பத்தில ஒரு செக்கனுக்குள்ள தண்ணி முடிஞ்சிடும். மிச்சம் முழுக்க எறிஞ்ச கல்லுப் போறமாதிரித்தான் போகும், எஞ்சின் கிடையாது. அதாலதான் செட்டை முக்கியம், அந்த நேரம் நேராப் பிடிச்சு வைச்சிருக்கிறது அது ஒண்டுதான்.

இனிக் குத்துக்கரணம். பாரத்தின்ர மையம் முன்னுக்கு இருக்கோணும், காத்து அமத்துற மையம் அதுக்குப் பின்னுக்கு இருக்கோணும், ரெண்டுக்கும் இடையில குறைஞ்சது போத்தலின்ர விட்டமளவு தூரம், உங்கட போத்தலுக்கு 9 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. நீங்கள் செட்டையை நடுவில ஒட்டியிருக்கிறியள், மூக்கும் வெறுமை, ரெண்டு மையமும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து நிக்குது. பிறகு குத்துக்கரணம் அடியாமல் என்ன செய்யும். பட்டத்துக்கு வாலை நடுவில கட்டினா ஏறுமோ?

செட்டை கீழ வரோணும். வாய்ப்பக்கம் ஒட்டுப்படாட்டி இன்னொரு போத்தலின்ர நடுத்துண்டை வளையமா வெட்டி, பாவாடை மாதிரிக் கீழ மாட்டி ரேப் சுத்திப்போட்டு அதில செட்டையைப் பூட்டுங்கோ. பைல் கவர் வேண்டாம், வளையாத காட்போட் இல்லாட்டி பழைய விளம்பரப் பலகையள் செய்யிற அந்த நெளிவு பிளாஸ்ரிக் மட்டை நல்லது. மூக்குக்குள்ள பெடியளின்ர கிளே ஒரு 50 கிராம் அமத்தி விடுங்கோ. ஆணி, கல்லு போடவே வேண்டாம், வரேக்க மூக்காலதான் வரும், ஆரின்ர தலையிலயும் விழலாம்.

வல்லைக்குப் போக முதல் வளவிலயே சோதிச்சுப் பாக்கலாம். தண்ணி இல்லாமல் எல்லாம் பூட்டினபடி ஒரு விரலில வைச்சுச் சமநிலைப் புள்ளியைப் பிடியுங்கோ, அதில நூலைக் கட்டி ரேப் ஒட்டி, ரெண்டு மூண்டு மீற்றர் நூல் விட்டுத் தலைக்கு மேலால சுத்துங்கோ. மூக்கு முன்னுக்கு நிண்டு சுத்தினா ஏறும். பக்கவாட்டில கிடந்து சுழண்டா இன்னும் கிளே போடுங்கோ. ஏன் வெறும் போத்தலில செய்யச் சொல்லுறன் எண்டா பறப்பில பெரும்பகுதி வெறும் போத்தல்தான் பறக்குது.

சைக்கிள்கடைத் தம்பி:
தக்கை முறையில 25, 30க்கு மேல வராது அண்ணை, இறுக்கினா வெடிக்கும், தளர்த்தினாக் கழரும், அது அதின்ர குணம். நாங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்தது வேற மாதிரி. போத்தலைக் கையில எடுத்துக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போய் வாய்க்குள்ள மட்டுமட்டா இறங்கிற பிவிசி பைப் பாருங்கோ. பைப்பில சின்னத் தவாளிப்பு அராவி ஓ றிங் எண்ட ரப்பர் வளையம் ஒண்டு போடுங்கோ, கசிவு அங்க நிண்டிடும், றிங்குக்குக் கொஞ்சம் சவர்க்காரம் பூசினா நல்லா இறங்கும். பைப்பைச் சுத்தி வளைய கேபிள் ரை (வயர் கட்டுற பிளாஸ்ரிக் பட்டி) நிக்க வைச்சுக் கட்டுங்கோ, தலையெல்லாம் மேல பாத்தபடி, போத்தல் வாயில மூடிக்குக் கீழ ஒரு விளிம்பு இருக்கெல்லோ, கேபிள் ரையின்ர தலை அந்த விளிம்பைக் கொழுவிப் பிடிக்கோணும். அதுக்கு வெளியால கொஞ்சம் பெரிய பைப் துண்டொண்டு வளையமாப் போட்டா தலைகள் விரியாது. அந்த வளையத்தில கயிறு கட்டி 10 மீற்றர் தள்ளி நிண்டு கீழ இழுத்தா கேபிள் ரை விரியும், போத்தல் போயிடும். பைப்பின்ர அடியில ரியூப் வால்வை இறுக்கிப் பூட்டுங்கோ. பம்முக்கும் பைப்புக்கும் இடையில நீட்டு ஹோஸ் போடுங்கோ, கிட்ட நிண்டு பம் அடிக்கிறது கூடாது.

மீற்றர் பூட்டின பம் கட்டாயம். கடையில கொம்பிரசர் இருக்கு எண்டு ஆரும் சொன்னாத் திரும்பியும் பாக்காதேங்கோ, அது ஒரு செக்கனில ஏத்திப்போடும்.

அலம்பல்:
ஏன் இவ்வளவு மினக்கெடுறியள், யூரியூப்பில பசளையில ஏதோ கலந்து எரிக்கிற மோட்டர் வீட்டிலயே செய்யிறாங்கள், சும்மா பறக்கும் 🔥 அதைச் செய்யுங்கோவன்

பௌதிக வாத்தி:
தம்பி அலம்பல், உந்தக் கதையை இஞ்ச விடுங்கோ. இலங்கையில 1956ம் ஆண்டு 21ம் இலக்க வெடிபொருள் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, அனுமதி இல்லாமல் உதுகள் செய்தா அடுத்த நாள் பொலிசுக்குத்தான் விளக்கம் சொல்லோணும், அதுவும் எங்கட ஊரில. சட்டத்தை விடுங்கோ, அடுப்படியில கலக்கேக்க கை போனா ஆர் குடுக்கிறது.

ஸ்காபுறோவில இருந்து:
அலம்பலுக்கு நானும் ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா நான் ஹை பவர் ரொக்கெற் விட லெவல் 1 சேர்ட்டிபிக்கற் எடுத்த ஆள். இங்க கனடாவில ஒருத்தரும் வீட்டில மோட்டர் கலந்து கொண்டு வந்து விடுறேல்லை. கொம்பனி செய்து, சோதிச்சு, சான்றிதழ் குடுத்த மோட்டர் மட்டும்தான். மோட்டருக்கு எழுத்து இருக்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்தல் ரெட்டிக்கும். எச் எண்ட எழுத்தில இருந்துதான் ஹை பவர், அது 160 நியூட்டன் செக்கனுக்கு மேல 320 வரைக்கும். அமெரிக்கச் சங்கங்களின்ர முறைப்படி லெவல் 1க்கு எச், ஐ. லெவல் 2க்கு ஜே, கே, எல், அதுக்கு எழுத்துச் சோதினையும் இருக்கு. லெவல் 3க்கு எம்மில இருந்து மேல. 18 வயசு வேணும், ரொக்கெற்றை நீங்களே செய்யோணும், பறக்கவிட்டு உடையாமல் திரும்ப எடுத்துக் காட்டினாத்தான் சேர்ட்டிபிக்கற். பரசூட் விரியாட்டிப் பெயில்.

வாத்தியாரின்ர கணக்கை வைச்சுப் பாத்தன், உங்கட சோடாப் போத்தல் 60 பீஎஸ்ஐயில கிட்டத்தட்ட 10, 12 நியூட்டன் செக்கன் வரும், எங்கட எழுத்தில டி. கடையில விக்கிற சின்ன மோட்டருக்குச் சமன், அதுவும் வெறும் தண்ணியில, குறைச்சு நினைக்காதேங்கோ. 40 மீற்றர் தாராளமா ஏறும்.

எங்கட ஒழுங்கில ரெண்டு விசயத்தை அப்பிடியே எடுங்கோ. ஒண்டு, ஒராள்தான் எண்ணுறது, 5, 4, 3 எண்டு சத்தமா எண்ணினபிறகுதான் கயிறு இழுக்கிறது, எல்லாரும் எழும்பி மேல பாத்துக்கொண்டு நிக்கோணும், பாயில படுத்துக் கிடக்கிறது சரிவராது. மற்றது, கழட்டுபடாமல் நிண்டா உடன கிட்டப் போகாதேங்கோ, முதல் தூரத்தில இருந்து காத்தை இறக்குங்கோ. அதுக்கு ஹோஸில காத்துத் திறந்துவிடுற ரப் (குழாய்த் திறப்பு) ஒண்டு வைச்சா நல்லது.

நெல்லியடி அக்கா:
தம்பி, எல்லாம் சரி, வல்லை வெளிக்குப் பத்து மணிக்குப் போனீங்களோ? ஆவணியில சோளகக் காத்து அந்த நேரம் ஆளையே தள்ளும். என்ர அவர் வல்லையால மோட்டச்சைக்கிளில போகேக்க சரிஞ்சுகொண்டுதான் ஓடுறவர். விடிய 6 மணிக்குப் போங்கோ, 8 மணிக்குள்ள முடியுங்கோ, பிறகு சாப்பிடுங்கோ. றோட்டுக்கும் கரண்டுக் கம்பிக்கும் தள்ளி உள்ளுக்க போங்கோ.

இடம் மாத்திறது எண்டு நினைச்சாலும் பலாலிப் பக்கம் வேண்டாம், பிளேன் ஏறி இறங்கிற இடம். முகமாலைப் பக்கம் வெறும் வெளி கிடக்கு எண்டு ஆரும் சொன்னாக் கேக்காதேங்கோ, கண்ணிவெடி எடுத்த இடங்கள், ரொக்கெற் விழுந்த இடத்துக்கு ஓடுறது பெடியள். ஜிஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) பொலிசிலயும் ஒரு சொல் சொல்லி வையுங்கோ, பைப்பும் ஹோஸும் கயிறும் வெளியில விரிச்சு வைச்சுக்கொண்டு நிண்டா றோட்டால போற ஆக்கள் என்ன நினைப்பினம்.

பௌதிக வாத்தி:
அக்கா சொன்னது சரி. ஒண்டு கூட்டுறன், செட்டை சரியா வேலை செய்தா ரொக்கெற் காத்துக்கு எதிராத்தான் மூக்கைத் திருப்பும், காத்தோட போகாது. அதாலை ஆக்கள் காத்து வாற பக்கம் இருக்கக் கூடாது.

போத்தல் விசயம்: சோடாப் போத்தல் மட்டும், தண்ணிப் போத்தல் மெல்லிசு, தாங்காது. சுடுபசையும் சூப்பர் குளூவும் போத்தலில நேர பூசாதேங்கோ, சூட்டில நெளியும், மற்றது நொறுங்கல் ஆக்கும். முதல் தரம் பாவிக்கிற போத்தலைத் தண்ணி முட்ட நிரப்பிப்போட்டு 80 வரைக்கும் அமுக்கிப் பாருங்கோ, தண்ணி இறுகாது, அதாலை வெடிச்சாலும் பிளந்து ஒழுகிறதோட முடியும். பிறகு பறக்க விடேக்க 60ஐத் தாண்ட வேண்டாம். வெயிலில கிடந்து வெளிறினது, கீறல் விழுந்தது, வெள்ளைக்கோடு தெரியிறது எல்லாம் எறியுங்கோ.

கரவெட்டியான்:
எல்லாருக்கும் நன்றி, போட்டு வந்தாச்சு. செட்டையைப் பாவாடையில பூட்டிக் கிளே வைச்சு வளவில சுத்தினன், முதல் பக்கவாட்டில சுழண்டுது, இன்னும் கொஞ்சக் கிளே போட மூக்கு முன்னுக்கு வந்திட்டுது. கேபிள் ரை முறை அருமை தம்பி, ஆனா ஓ றிங் ரெண்டு அளவு வாங்கித்தான் கசிவு நிண்டது. 50 பீஎஸ்ஐயில கயிறு இழுத்தது சின்னவள். சத்தம் ஒண்டு கேட்டுது, பைப்பைச் சுத்தி வெள்ளையாப் புகார் மாதிரித் தண்ணித் தூள், அண்ணாந்து பாக்க முதல் அது மேல நிக்குது. நேராப் போனது. அம்மம்மா கையெடுத்துக் கும்பிட்டவ. மச்சான் இப்ப கனடாவுக்குப் போய் தானும் தண்ணி ரொக்கெற் செய்யப் போறாராம்.

ஆனா மூக்காலதான் வந்து குத்துது. களி நிலத்தில நட்டுக்கொண்டு நிக்குது, மூக்கு சப்பை, கிளே பிதுங்கி வெளியில. பரசூட் எப்பிடி வைக்கிறது?

பௌதிக வாத்தி:
சொப்பிங் பையை வட்டமா வெட்டி, 60 சென்ரிமீற்றர் அகலம் போதும், ஓரத்தில 8 நூல். மூக்கை ரேப் ஒட்டாமல் சும்மா தொப்பி மாதிரி மேல வையுங்கோ, உள்ளுக்க பரசூட்டை மடிச்சு வையுங்கோ, சுருட்டி இறுக்காதேங்கோ. மூக்கையும் போத்தலையும் நூலால தொடுத்து விடுங்கோ. ஏறேக்க காத்து மூக்கை அமத்தி வைச்சிருக்கும், உச்சியில வேகம் குறைஞ்சு திரும்பேக்க தானாக் கழரும். எப்பவும் கழராது, நாலுக்கு ரெண்டு கழண்டாலே சந்தோசப்படுங்கோ. நூலுக்குக் கொஞ்சம் குட்டிக்கூறா பவுடர் போட்டா ஒட்டாமல் விரியும்.

அலம்பல்:
சரி சரி நானும் தண்ணியிலயே செய்யிறன், கேபிள் ரை எத்தினை வேணும் சைக்கிள்கடை?

சைக்கிள்கடைத் தம்பி:
பைப்பைச் சுத்தி நெருக்கமா நிக்க எத்தினை வேணுமோ அத்தினை. ஒரு பக்கெற் வாங்குங்கோ, உடையும்.

நெல்லியடி அக்கா:
கரவெட்டியான் தம்பி, வாற கிழமையும் போறீங்களோ? என்ர மகள் 11 வயசு, இதை வாசிச்சுப்போட்டு நிண்ட நிலையில நிக்கிறாள்.

கரவெட்டியான்:
வாங்கோ அக்கா, விடிய 6 மணி. சோடாப் போத்தல் இருந்தாக் கொண்டு வாங்கோ, எங்கட வீட்டில குடிச்சு முடிக்க ஏலாமல் கிடக்கு.