கிண்ணத்தைத் தூக்கலாமா, கூடாதா? உண்ணும் முறைகள் நாட்டுக்கு நாடு ஏன் மாறுகின்றன?

கேள்வி:
ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பதே முறை. அண்டை நாடான கொரியாவிலோ அதே கிண்ணத்தை மேசையிலிருந்து தூக்குவது பண்பற்ற செயலாகக் கருதப்படுகிறது. இரு நாட்டாருக்கும் அரிசிச் சோறுதான் முதன்மை உணவு, இரு நாட்டாரும் குச்சிகளைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியிருக்க, இத்தகைய வேறுபாடுகள் தற்செயலாக அமைந்தவையா, காரணம் உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1:
பெரும்பாலும் காரணம் உண்டு. அதை மேசையில் தேடுவதைவிட அடுப்படியில் தேடுவது நல்லது. கொரியர்கள் சோற்றையும் சூப்பையும் கரண்டியால் உண்கிறார்கள், குச்சிகள் முக்கியமாகத் தொடுகறிகளுக்கே. ஆகவே கிண்ணத்தை வாயருகே கொண்டுவர வேண்டியதில்லை. உலோகக் கிண்ணமாக இருந்தால் சூட்டில் அதைப் பிடிக்கவும் முடியாது. ஜப்பானிய உணவில் கரண்டிக்கு அவ்வளவு இடமில்லாததால், மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பைக்கூடக் கிண்ணத்தை உதட்டில் வைத்தே குடிக்கிறார்கள். சீனச் சமையலில் இறைச்சியும் காய்களும் பெரும்பாலும் அடுப்பில் ஏறும் முன்பே சிறு துண்டுகளாகிவிடுவதால் மேசைக்குக் கத்தி வருவதில்லை. ஐரோப்பாவில் பெரிய துண்டாக வெந்து வரும் இறைச்சியை உண்பவரே அறுக்க வேண்டியிருப்பதால், கத்தி தட்டருகே இடம்பிடித்தது.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னது சரியே, ஆனால் எல்லாவற்றையும் பாத்திரங்களைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஜப்பானில் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, ஏனெனில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நிறுத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும், தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளைக் குச்சிகளால் எடுக்கும் சடங்கை நினைவூட்டுவதால் தவிர்க்கப்படுகிறது.

எத்தியோப்பியாவில் நிலைமை வேறு. தெஃப் தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இன்ஜெராதான் அங்கே தட்டும் கரண்டியும். அகலமான இன்ஜெராவின் மேல் குழம்புகளை ஊற்றி, சுற்றியமர்ந்து, வலக்கையால் ஓரத்திலிருந்து பிய்த்துக் குழம்பை அள்ளி உண்பார்கள். அன்பின் அடையாளமாக ஒரு கவளத்தைச் சுருட்டி அருகிலிருப்பவர் வாயில் ஊட்டுவதற்குக் குர்ஷா என்று பெயர். தனித்தட்டில் உண்டு பழகியவருக்கு இது கூச்சமாக இருக்கலாம். விருந்தோம்பலில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் அறியேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உண்ணும் நேரத்துக்கும் இதே விளக்கம் பொருந்துமா? ஸ்பெயினில் மதிய உணவு இரண்டு மணிக்கு மேலும் இரவு உணவு ஒன்பது மணிக்கு மேலும் என்று அறிகிறேன்.

மறுமொழி 3:
அங்கே ஓர் அரசாணைக்கும் பங்குண்டு. 1940-இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது; அது பிறகு திருப்பப்படவே இல்லை. கோடையில் மட்ரிட் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போதே கடிகாரத்தில் இரண்டு மணி கடந்திருக்கும் என்பதால், சூரியனை வைத்துப் பார்த்தால் அவர்கள் நண்பகலில்தான் உண்கிறார்கள். இரவு உணவின் தாமதத்துக்குக் கடிகாரம் மட்டும் காரணமன்று: மதிய உணவே அவர்களுக்குப் பெரிய உணவு, அது முடியவே நேரமாகிவிடுவதால், இரவில் பிந்தி, குறைவாக உண்பது அவர்களுக்கு இயல்பாகிவிட்டது.