நயமின்மை வேறு, கொடுமை வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் பணியிட நடத்தைச் சொற்பட்டியலில் ‘இன்சிவிலிட்டி’ (மரியாதைக் குறைவு), ‘குருவெல்ட்டி’ (கொடுமை) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் ‘அநாகரிகம்’ என்றே போட்டிருக்கிறோம். இதைப் பிரித்தே ஆக வேண்டும்.

நான் தமிழாக்கிய ஒரு புகார்ப் படிவத்திலும் ‘அநாகரிகமான நடத்தை’ என்று ஒரே கட்டம்தான் இருந்தது. மேலாளர் தன்னை எல்லார் முன்னாலும் அரை மணி நேரம் நிற்க வைத்து மட்டம் தட்டியதைப் புகாராக எழுத வந்தார் ஒரு பெண். பேனாவைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அநாகரிகம்னா கெட்ட வார்த்தை பேசுறதுதானே? அவர் அப்படி எதுவும் பேசலையே” என்றார். கடைசியில் எதையும் குறிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு காலத்தில் இதற்கு ஆழமான பொருள் இருந்தது. ‘நயத்தக்க நாகரிகம்’ என்று குறள் (580) சொல்வது கண்ணோட்டம் (இரக்கம்) என்ற அதிகாரத்தில். நஞ்சு ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் நட்புக்காகக் குடிக்கிற மனம் அது. இன்றைய ‘அநாகரிகம்’ உடை, ஆபாசம், வசைச்சொல் என்று சுருங்கிவிட்டது.

‘இன்சிவிலிட்டி’க்கு நான் சொல்வது ‘நயமின்மை’. வணக்கம் சொன்னவரை நிமிர்ந்து பார்க்காதது, பேசிக்கொண்டிருப்பவரை வெட்டிப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். ‘நயமாப் பேசு’ என்று வீட்டில் இன்றும் சொல்கிறோம். ‘நயனில சொல்லினும்’ என்று குறளிலும் (197) வருகிறது. நயமற்ற பேச்சு, நயமின்றி நடந்தார் என்று எல்லா வடிவத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. நயம் என்றால் மலிவு என்றும் பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் பேச்சு, நடத்தை பக்கத்தில் வந்தால் யாருக்கும் குழப்பம் வராது.

அடுத்தது கொடுமை. ‘வன்கண்மை’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல், ஆனால் இரண்டு பக்கமும் பேசும். ஈயாமல் சேர்த்து வைப்பவரை ‘வன்கணவர்’ (இரக்கமற்றவர்) என்று பழிக்கும் குறளே (228), அமைச்சருக்கு வேண்டிய ஐந்தில் ஒன்றாகவும் ‘வன்கண்’ணை (632) வைக்கிறது. அங்கே அது தளராத உறுதி. புகார்ப் படிவத்தில் இந்த ஊசலாட்டம் கூடாது. ‘கொடுமை’யே போதும். ‘கணை கொடிது’ (279) என்பதை நினைத்துப் பாருங்கள். அம்பு பார்க்க நேராகத்தான் இருக்கிறது, செய்வதுதான் கொடியது.

இரண்டும் வேறு வேறு என்பதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது: ‘நயவஞ்சகம்’. நயம் கொஞ்சமும் குறையாமல் ஒருவரை நோகடிக்க முடியும். அந்த மேலாளர் அப்படித்தான் செய்தார், குரலைக்கூட உயர்த்தவில்லை.

படிவத்தில் இப்போது ‘நயமற்ற நடத்தை’, ‘கொடுமைப்படுத்துதல்’ என இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன். சரி, ‘நயமின்மை’யா, பழைய வடிவத்தை ஒட்டி ‘நயனின்மை’யா? பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் நான் முதல் பக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.